63 போதாதா அண்ணாச்சி?

பழைய காசு சேர்க்கிற நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் முதல் கேள்வி, "இது எங்க கிடைச்சது?" என்பதாக இருக்கும். இப்போது "இது எத்தனை?" என்று கேட்கிறார்கள். விலையைக் கேட்கவில்லை. பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும் சீட்டில் என்ன நம்பர் போட்டிருக்கிறது என்று கேட்கிறார்கள். 62 என்றால் "பரவாயில்ல". 64 என்றால் புருவம் ஏறுகிறது. 65 என்றால் கையில் வாங்கிப் பார்க்க ஆள் வருகிறது.

நம்பர் வந்துவிட்டால் அதில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும் ஆசையும் வந்துவிடும். "கூட்ட உடைச்சு, கன்சர்வேஷன் பண்ணி, மறுபடி கிரேடிங்குக்கு அனுப்புனா ஏறுமாமே?" என்று கொஞ்ச காலமாகப் பலரும் கேட்கிறார்கள். திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள், வெளிநாட்டில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளும் கேட்கிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்குத்தான் இத்தனை நீளம்.

நம்பர் எங்கிருந்து வந்தது

1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தன் நாட்டுப் பழைய செம்பு சென்ட் காசுகளுக்கு 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். விலையைக் கணக்கிடுவதற்காக வந்த அளவுகோல் அது. ஆகத் தேய்ந்த காசு ஒரு டாலர் பெறும் என்றால், அதே வகையில் அப்பழுக்கில்லாத காசு எழுபது டாலர் பெறும் என்பது அவர் கணக்கு. அந்த விலைக் கணக்கு சந்தையில் நிற்கவில்லை, நம்பர் மட்டும் நின்றுவிட்டது. இந்த ஷெல்டனே அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல சென்ட்களை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தன்னுடைய மட்டமான காசுகளை வைத்துவிட்டுப் போனார் என்பது பின்னாளில் தெரியவந்தது. ஒரு காசுக்கும் அதைவிடச் சற்று நல்ல காசுக்கும் உள்ள வித்தியாசம் மனிதனை என்ன பாடு படுத்தும் என்பதற்கு அவரே சாட்சி.

1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்று இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் காசை வாங்கிப் பார்த்து, நம்பர் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக்கில் சீல் வைத்துத் தர ஆரம்பித்தன. அந்தக் கூட்டைத்தான் ஸ்லாப் என்கிறோம். 60உம் அதற்கு மேலும் இருப்பவை புழக்கத்துக்கே போகாத காசுகள். அவற்றுக்கு எம்எஸ் என்ற முன்னொட்டு வரும். 60 முதல் 70 வரை உள்ள பதினோரு படிகளில் பல, சாதாரணக் கண்ணுக்குப் பிடிபடாத வித்தியாசங்கள். பைக்குள் காசோடு காசு உரசிய தடம், மயிரிழைக் கீறல், மேல்பரப்பின் ஒளி இவற்றையெல்லாம் நிபுணர்கள் விளக்கடியில் பார்த்து ஒரு கருத்துக்கு வருகிறார்கள். கருத்துதான். அதே காசை இன்னொரு நாள் இன்னொருவர் பார்த்தால் ஒரு படி ஏறலாம், ஒரு படி இறங்கலாம்.

இது தவிர, சேகரிப்பவர்கள் பயப்படுகிற சீட்டு ஒன்று உண்டு: "டீட்டெயில்ஸ்". காசு அசல்தான், ஆனால் தேய்த்திருக்கிறார்கள், சுரண்டியிருக்கிறார்கள், கொக்கி வைத்துப் பற்றவைத்ததைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று பொருள். நம்பர் கிடைக்காது. அதே காசு நம்பரோடு விற்கும் விலையில் பெரும்பகுதி அந்த ஒரு சொல்லில் போய்விடும்.

காசின் மதிப்பு முன்பு இப்படி மேல்பரப்பில் இருக்கவில்லை. நம்ம திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, 1896இல் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனார். திண்டிவனம் வரை ரயில் டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. அன்றைய ரூபாய் என்றால் 11.66 கிராம் எடை, 91.7 சதவீதம் வெள்ளி. கறுத்திருந்தாலும் மினுமினுத்தாலும் டிக்கெட் கவுன்டரில் அது 16 அணாதான். அதே காசுக்கு இன்று மினுமினுப்பை வைத்து விலை சொல்கிறோம். எடையில் இருந்த மதிப்பு மேல்பரப்புக்கு நகர்ந்துவிட்டது. மேல்பரப்பை யாராவது தொடும்போது பணமே ஆட்டம் காண்பது அதனால்தான்.

அண்ணாச்சியின் பன்றி ரூபாய்

அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் பார்க்கிற அண்ணாச்சி ஒருவர் எனக்கு நல்ல பழக்கம். அவரிடம் 1911ஆம் வருடத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று ஸ்லாபில், எம்எஸ் 63. சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் ஏலத்தில் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தது.

அந்த வருடத்துக் காசுக்கு ஒரு கதை இருக்கிறது. மன்னரின் அங்கியில் தொங்கும் பதக்கத்தில் யானை உருவம். தும்பிக்கை குட்டையாக அமைந்து, பார்க்கிறவர்களுக்குப் பன்றி போலத் தெரிந்தது. முஸ்லிம்கள் மத்தியில் எதிர்ப்பு கிளம்பியது. சுமார் 94 லட்சம் காசு அச்சாகியிருந்ததில் 7 லட்சம்தான் வெளியே போனது என்று நாணயப் பட்டியல்கள் சொல்கின்றன. மீதியை உருக்கிவிட்டார்கள். 1912இல் யானை யானையாகவே தெரியும்படி வேறு அச்சு வந்தது. அதனால்தான் 1911க்கு மட்டும் இந்த மவுசு.

அண்ணாச்சியின் காசில் மன்னர் முகத்துக்குப் பின்னால் சாம்பலும் நீலமுமாக ஒரு நிழல் படிந்திருக்கும். எனக்கு அது அழகு. அவருக்கு அது அழுக்கு.

"தம்பி, இத ஒருக்கா கழுவி அனுப்புனா 64 ஆயிரும்னு ஒருத்தர் சொல்றாரு. என்ன செய்யலாம்?"

"யாரு அண்ணாச்சி, வெளிநாட்டுக்கு அனுப்பிக் குடுக்கிற ஏஜென்டா?"

"ஆமா, அவருதான்."

"64 வரலேன்னா கமிஷனத் திருப்பித் தருவாரா?"

"அதெப்பிடித் தருவாரு?" என்று அவரே சிரித்துவிட்டார்.

முடிவு ஏறினாலும் இறங்கினாலும் ஏஜென்டுக்கு வருமானம் உண்டு, கிரேடிங் நிறுவனத்துக்குக் கட்டணம் உண்டு, கூரியருக்குக் கூலி உண்டு. நஷ்டப்பட வாய்ப்புள்ள ஒரே ஆள் காசின் சொந்தக்காரர். அனுப்பு என்று யோசனை சொல்பவர் யார் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுவினால் என்ன நடக்கும்

கன்சர்வேஷன் என்பது ஏமாற்று வேலை இல்லை. அதில் நிஜமான கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. என்ஜிசிக்கு என்சிஎஸ் என்று ஒரு சகோதர நிறுவனம் இதற்காகவே இருக்கிறது. பிசிஜிஎஸ் ரெஸ்டரேஷன் என்ற பெயரில் செய்கிறது. கேள்வி, எதை எடுக்கிறார்கள் என்பதுதான்.

காசின் மேல் வந்து ஒட்டிய பொருளை எடுப்பது ஒருவகை. எண்ணெய்ப் பிசுக்கு, டேப் ஒட்டிய பசை, மெத்தென்ற பிளாஸ்டிக் ஆல்பத்தாளிலிருந்து கசியும் பச்சைப் பிசுபிசுப்பு. இந்தக் கடைசி ஆசாமிதான் பிவிசி. அந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த ரசாயனம் நாளாக நாளாக வெளியேறுகிறது. பிளாஸ்டிக் சிதையும்போது வரும் அமிலம் காசிலுள்ள செம்பைத் தின்கிறது. சுத்தமான அசிட்டோன் அந்தப் பிசுக்கைக் கரைத்து எடுத்துவிடும், உலோகத்தைத் தொடாது. பலன் உள்ள வேலை இது. ஆனால் பச்சைக்கு அடியில் ஏற்கெனவே குழி விழுந்திருந்தால் குழி குழிதான். அதை எந்த ரசாயனமும் நிரப்பாது.

காசிலிருந்தே உண்டானதை எடுப்பது இன்னொரு வகை. வெள்ளியின் மேல் படியும் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகம் காசின் வெள்ளியோடு சேர்ந்து உண்டான வெள்ளி சல்பைடு. கறுப்பை எடுத்தால் அதோடு காசின் தோலிலும் கொஞ்சம் போகிறது. தையோயூரியா கலந்த அமிலக் கரைசலில் காசைச் சில நொடி முக்கி எடுப்பதை டிப் என்பார்கள். முக்கியதும் பளீரென்று ஆகிவிடும். அந்தப் பளீரில்தான் கண் ஏமாறுகிறது.

புதுக் காசின் ஒளி வெறும் வெண்மை கிடையாது. அச்சு அழுத்தும்போது உலோகம் நகர்ந்து ஓடிய தடம், மிக நுண்ணிய வரிகளாக மேல்பரப்பில் நிற்கும். காசைச் சாய்த்தால் ஒளி சக்கரமாகச் சுழல்வது அந்த வரிகளால்தான். இதைத்தான் லஸ்டர் என்கிறோம். ஒவ்வொரு டிப்பும் அந்த வரிகளின் தலையைக் கொஞ்சம் கரைக்கிறது. மெல்லிய படலமாக இருந்தால் காசு தப்பிக்கும். கறுப்பு ஆழமாக இறங்கியிருந்தால் வெண்மை வரும், சுழற்சி வராது. அந்த வெளிறிய காசைக் கிரேடர் ஒரு நொடியில் கண்டுகொள்வார்.

கறுப்பு எதையெல்லாம் மறைத்துக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம். நம் ஊர்ப் பக்கத்துக் காசுகளுக்கு இது ரொம்பப் பொருந்தும். வீட்டு பூஜையில் வைத்த வெள்ளி ரூபாயை நல்ல நாள் வந்தால் திருநீறு போட்டோ புளி போட்டோ பளபளவென்று தேய்த்து வைப்பது நம் வழக்கம். சாமிக்கு முன்னால் கறுத்த காசை எப்படி வைப்பது? அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்தத் தேய்ப்பு ஒரே திசையில் நூற்றுக்கணக்கான மயிரிழைக் கீறல்களை விட்டுப்போகும். ஐம்பது அறுபது வருடத்தில் புதுக் கறுப்பு ஏறி அதை மூடிவிடும். ஸ்லாபுக்குள் 62 என்று உட்கார்ந்திருக்கிற காசைத் திறந்து கறுப்பை எடுத்தீர்களென்றால் என்றைக்கோ ஓர் ஆச்சி திருநீறு போட்டுத் தேய்த்தது வெளியே வரும். சீட்டில் "கிளீன்ட்" என்று வந்து நிற்கும்.

செம்புக் காசில் ஆபத்து இன்னும் அதிகம். காலணா, அரையணாவெல்லாம் சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என்று நிறத்தை வைத்துத் தனியாகத் தரம் பிரிக்கப்படுகின்றன. செம்பை அமிலத்தில் முக்கினால் இயற்கையில் இல்லாத ஓர் ஆரஞ்சு நிறம் வரும், பிறகு திட்டுத்திட்டாக மாறும். அதற்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.

சிலர் விரும்பித் தேடுகிற வானவில் நிறமும் இதே சல்பைடுதான். நீலம், ஊதா, பொன்மஞ்சள் என்று அடுக்கடுக்காகப் படிந்த காசுக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆள் இருக்கிறது. 64க்கு ஆசைப்பட்டு அந்த நிறத்தைக் கழுவி, 64ஏ கிடைத்தாலும், நிறத்தோடு இருந்த 63ஐவிடக் குறைந்த விலைக்குப் போகலாம்.

கூட்டோடு போகிறவை

பிளாஸ்டிக்கை உடைத்ததும் பழைய நம்பர் உங்களுடையது இல்லை. அந்த நம்பருக்கு நிறுவனம் கொடுத்திருந்த உத்தரவாதமும் அந்தக் கூட்டோடு கட்டப்பட்டது. கன்சர்வேஷனுக்குப் பிறகு பழைய கிரேடே திரும்ப வரும் என்று எழுத்தில் வாக்குறுதி இருக்கிறதா, இறங்கினால் வித்தியாசத்தை யார் தாங்குவது என்பதையெல்லாம் படிவத்தின் பொடி எழுத்தில் தேடிப் படியுங்கள். "பொதுவா இறங்காது சார்" என்று ஏஜென்ட் சொல்வது பேச்சு. படிவம்தான் ஒப்பந்தம்.

சில கூடுகளுக்கே தனி விலை இருக்கிறது. என்ஜிசி 1987இல் ஆரம்பத்தில் பயன்படுத்திய கறுப்புக் கூட்டைத் தேடுகிறவர்கள் உள்ளே என்ன காசு என்றுகூடப் பார்க்காமல் வாங்குவார்கள். அமெரிக்கக் காசு சேர்க்கிற நம் ஆட்களுக்கு இன்னொன்று: 2007இல் ஜான் ஆல்பனீஸ் தொடங்கிய சிஏசி, நல்ல காசுள்ள ஸ்லாபின் மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டும். ஸ்டிக்கருக்காகவே கூடுதல் விலை போகும். கூட்டை உடைத்தால் ஸ்டிக்கரும் போனது.

1939ஆம் வருடத்து ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்க்கு இதில் தனிக்கதை. பம்பாய் நாணயச்சாலையில் அடித்தது, மிக அரிது. 1938இன் கடைசி எண்ணைச் சுரண்டி 9 ஆக்கி விற்கிற கூட்டம் பல காலமாக இருக்கிறது. அந்தக் காசுக்கு ஸ்லாப் தருகிற முதல் நன்மை "இது அசல்" என்கிற சான்று, நம்பர் இரண்டாவதுதான். அதை நம்பருக்காக உடைத்து வெறுங்காசாகக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது போன்ற துணிச்சல் எனக்கு வராது.

கைக்கணக்கு

இப்போது பணத்துக்கு வருவோம். கீழே உள்ளவை கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் காசுக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு காசு 62இல் 30,000 ரூபாய்க்குப் போகிறது. 63 ஆனால் 45,000. டீட்டெயில்ஸ் ஆனால் 12,000. கன்சர்வேஷன் கட்டணம், கிரேடிங் கட்டணம், ஏஜென்ட் கமிஷன், போகவர கூரியர், இன்சூரன்ஸ், சுங்கத்தில் அலைச்சல் எல்லாம் சேர்த்துக் காசுக்கு 9,000 என்று வையுங்கள்.

இதே மாதிரி பத்துக் காசு அனுப்புகிறீர்கள். தாராளமாகவே வைப்போம்: மூன்று ஏறுகிறது, ஐந்து அப்படியே இருக்கிறது, இரண்டு டீட்டெயில்ஸ் ஆகிறது. ஏறிய மூன்றும் 1,35,000. அப்படியே இருந்த ஐந்தும் 1,50,000. விழுந்த இரண்டும் 24,000. மொத்தம் 3,09,000. அனுப்புமுன் பத்துக் காசின் மதிப்பு 3,00,000. ஆஹா, 9,000 லாபம் என்று தோன்றும். செலவு 90,000 என்பதை மறந்துவிடக்கூடாது. ஆக, கையில் 81,000 நஷ்டம்.

சரி, ஒன்றுகூட விழவில்லை, மூன்று ஏறுகிறது, ஏழு அப்படியே இருக்கிறது என்று வைத்தாலும் மொத்தம் 3,45,000. செலவு போக 2,55,000. அப்போதும் 45,000 நஷ்டம். எதுவுமே விழாமல் இருந்து, பத்தில் ஆறு ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். விற்கும்போது ஏலக்காரர் பத்து சதவீதம் எடுத்துக்கொள்வார் என்றால் ஏறிய 15,000இல் உங்களுக்கு 13,500தான். அப்போது மூன்றில் இரண்டு ஏறியாக வேண்டும். மனிதக் கண் கொடுக்கிற ஒரு கருத்தில் மூன்றுக்கு இரண்டு என்பது பெரிய எதிர்பார்ப்பு.

நம் வானம் பார்த்த பூமியில் போர்வெல் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. "இன்னும் அம்பது அடி போனா தண்ணி" என்று வண்டிக்காரர் சொல்வார். அடிக்குக் கூலி நிச்சயம், தண்ணீர் நிச்சயமில்லை.

மலிவான காசில் செலவே லாபத்தை விழுங்கிவிடும். சாதாரண வருடத்து விக்டோரியா ரூபாயில் சுத்த வெள்ளி 10.69 கிராம் இருக்கிறது. வெள்ளி விலை ஏறுகிற காலத்தில் அந்தக் காசின் சேகரிப்பு விலைக்கும் உருக்கு விலைக்கும் பெரிய இடைவெளி இருப்பதில்லை, அதற்கு நம்பர் தேடி அலைவது வீண். விலை உயர்ந்த காசில் செலவு சின்னதாகத் தெரியும், ஆனால் ஒரே ஒரு விழுதல் வாழ்நாள் லாபத்தை எடுத்துக்கொண்டு போகும். கட்டணமும் காசின் மதிப்பை ஒட்டி ஏறும். பிசிஜிஎஸ்ஸில் கிரேடு ஏறினால் புது மதிப்பில் ஒரு சதவீதம் தனியாக வாங்குகிறார்கள்.

இன்னொரு ஓட்டை, எல்லோரும் இதையே செய்வது. எந்த வகைக் காசு எந்தக் கிரேடில் எத்தனை இருக்கிறது என்ற எண்ணிக்கையை நிறுவனங்கள் வெளியிடுகின்றன. 65இல் இரண்டே இரண்டு என்பதால்தான் 65க்கு அந்த விலை. ஆசைப்பட்டு ஆளாளுக்கு உடைத்து அனுப்பி அது பன்னிரண்டு ஆனால், நீங்கள் துரத்திப்போன விலை நீங்கள் போய்ச் சேர்வதற்குள் இறங்கியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது

இங்கேதான் அண்ணாச்சி விஷயம் முடிந்துவிட்டது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் எழுதுகிற அறிவுரைகளில் இந்தப் பகுதி இருக்காது, ஏனென்றால் அவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை.

தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972. அதன்படி 100 வருடத்துக்குக் குறையாத எந்தக் காசும் தொல்பொருள். தொல்பொருளை நாட்டை விட்டு வெளியே அனுப்ப மத்திய அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் மட்டுமே உரிமை. மற்றவர் அனுப்பினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருடம் வரை சிறை, அபராதம். காசும் போகும். நம்பர் போட்டு வாங்கி வரத்தான் அனுப்புகிறேன், விற்க இல்லை என்பது அங்கே எடுபடாது.

1911இல் அச்சான காசு 2011லேயே அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி ரூபாய் புழக்கத்துக்கு அச்சானது 1922 வரைதான். ஆக அவர் தலை போட்ட ரூபாய் எதுவும் இனி கிரேடிங்குக்காகக் கடல் தாண்ட முடியாது. விக்டோரியா, எட்வர்ட் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆறாம் ஜார்ஜின் 1938, 1939 ரூபாய்களுக்கு 2038, 2039 வரை அவகாசம் இருக்கிறது. கோடு வருடாவருடம் நகர்ந்துகொண்டே வருகிறது. வருடத்தில் சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிக்கொண்டுதான் அனுப்ப வேண்டும்.

இதைச் சொன்னதும் அண்ணாச்சி விடவில்லை. "மச்சினன் அடுத்த தடவ வரும்போது பையில போட்டுக்கிட்டுப் போயிருவான்ல?"

"அதுக்குப் பேருதான் அண்ணாச்சி எக்ஸ்போர்ட்டு."

"அது வெளியில இருந்து வந்த காசுதானப்பா?"

சட்டத்தின் விளக்கத்தில் காசு எங்கே வாங்கப்பட்டது என்ற கேள்வி இல்லை. வயது என்ன என்ற கேள்விதான் இருக்கிறது. வெளிநாட்டு ஏலத்தில் வாங்கி, அங்கேயே வைத்திருக்கிற வரைக்கும் அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் கிரேடிங்குக்குக் கொடுக்கலாம். இங்கே கொண்டுவந்த பிறகு வழி ஒருவழிப் பாதை. சிங்கப்பூர், துபாயில் இருக்கிற நம் பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கொண்டுவருமுன் அந்தக் காசின் கூடு, நம்பர் எல்லாம் உங்களுக்குத் திருப்திதானா என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்.

வயது குறைந்த காசை முறைப்படி அனுப்புகிறவர்களுக்கும் சில இடறல்கள். பல கூரியர் நிறுவனங்கள் நாணயத்தைத் தடைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. அதை மறைத்து "மெட்டல் டோக்கன்" என்று எழுதி அனுப்பினால் தொலைந்தால் இன்சூரன்ஸ் கிடையாது. போன நம் காசேதான் திரும்பி வருகிறது என்பதற்கான தாள் இல்லாவிட்டால், வரும்போது புதுச் சரக்காகக் கணக்கிட்டுச் சுங்கவரி கேட்பார்கள். ஏஜென்டிடம் கொடுக்கும்போது ஸ்லாபின் சான்று எண் எழுதிய ரசீதும், இரண்டு பக்கமும் தெளிவான படமும் இல்லாமல் கொடுக்காதீர்கள். மாதக்கணக்கில் உங்கள் பணம் அடுத்தவர் மேஜையில் கிடக்கப்போகிறது.

ரிசர்வ் வங்கியே பழைய காசு வாங்குகிறது, லட்சக்கணக்கில் தரும், முதலில் கமிஷன் கட்டு என்று வருகிற அழைப்புகளை நம்பாதீர்கள். 2021 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி, எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அறிவிப்பே கொடுத்திருக்கிறது.

எப்போது திறக்கலாம்

காசு கெட்டுக்கொண்டே போகிறது என்றால் திறக்கலாம். ஸ்லாபுக்குள் இருக்கும்போதே பச்சைப் பிசுக்கு மாதாமாதம் பரவுகிறது என்றால் அது பிவிசி. விட்டால் காசையே தின்றுவிடும். செம்பில், வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி பூத்து உதிர்ந்தால் குளோரைடு அரிப்பு. அதையும் நிறுத்தியாக வேண்டும். இங்கே நோக்கம் காசைக் காப்பாற்றுவது. நம்பர் ஏறினால் லாபம், இறங்கினாலும் காசு மிஞ்சும்.

நம்பருக்காக என்றால், கூட்டை உடைக்காமல் செய்கிற வழியைத்தான் முதலில் பாருங்கள். பிசிஜிஎஸ்ஸில் ரீகன்சிடரேஷன் என்று ஒன்று உண்டு. கூட்டுக்குள் வைத்தே பார்ப்பார்கள், ஏற்றலாம் என்று தோன்றினால்தான் பிரிப்பார்கள், நம்பர் இறங்காது. ஒரு நிறுவனத்தின் கூட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் "இந்த நம்பருக்குக் குறைந்தால் பிரிக்க வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்கலாம். கட்டணம் போகும், காசு பிழைக்கும்.

உழவில், கண்மாய் மண்ணில் கிடைக்கிற பழைய செப்புக் காசுகளுக்கு இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது. அவை பாண்டியர், நாயக்கர், சேதுபதி காலத்தவையாக இருக்கலாம். 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி 10 ரூபாய் மதிப்புக்கு மேல் மண்ணில் கண்டெடுத்ததை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். எலுமிச்சம்பழம் போட்டு ஊறவைத்தால் மீன் சின்னமும் எழுத்தும் பச்சையோடு சேர்ந்து கரைந்துபோகும். இந்த வேலையைப் பொறுமையாகச் செய்கிற அறிவு நம் மாநிலத்தில் பழசு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930லேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கி, எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் வெண்கலச் சிலைகளின் அரிப்பை நீக்கிக் காட்டினார். சிலையைக் காப்பாற்றுவதுதான் அங்கே வேலை. விலையை ஏற்றுவது இல்லை.

வீட்டில் நாம் செய்யக்கூடியது எளிது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், அதில் கந்தகம் இருக்கிறது. கடையில் வாங்குகிற ஆல்பம் வாசனை அடித்தால், தாள் ரொம்ப மெத்தென்று இருந்தால் வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் தாள் வாங்குங்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். பூஜைக்கு ஒரு ரூபாயைத் தனியாக ஒதுக்கி, அதை எவ்வளவு வேண்டுமானாலும் தேய்த்துக்கொள்ளுங்கள். மற்றதைத் தேய்க்காதீர்கள்.

அண்ணாச்சிக்குக் கடைசியில் நான் சொன்னது இதுதான்: அனுப்ப ஒதுக்கிய பணத்தில் 1912ஆம் வருடத்து ரூபாய் ஒன்று, நல்ல நிலையில் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மிச்சமே இருக்கும். 1911க்குப் பக்கத்தில் அதை வைத்தால், பன்றி எப்படி யானையானது என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிக் கதை சொல்லலாம். 64 என்ற சீட்டில் அந்தக் கதை கிடையாது. அவருக்கு அது பிடித்திருந்தது. இப்போது 1912ஐத் தேடிக்கொண்டிருக்கிறார். வாங்கினால் அதுவும் எத்தனை என்று கேட்கமாட்டார் என்று நம்புகிறேன்.